கையில்லா இயந்திரத்திலும் கைப்பிழை கண்டவருக்கு

கடல் கடைந்த கல்விக் களஞ்சியமே! துல்லியத்தின் தூதரே! நூற்று முப்பத்தெட்டின் நூல் பிசகாக் காவலரே! இருபத்திரண்டு ஆண்டுகள் இக்கடலாய்வு நிலையத்தின் இயக்குநராய் வீற்றிருந்து, இன்று மாலை ஐந்து மணியோடு விடைபெறும் பெருந்தகையே! வணக்கம்.

மேலே கண்ட அடைமொழிகளில் முதலிரண்டும் தாங்களே சென்ற வாரம் ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்பியவை. மொத்தம் ஏழு இருந்தன. "மடல் எழுதறவங்களுக்கு உதவியா இருக்கட்டும்" என்று சொல்லியும் அனுப்பினீர்கள். உதவியாகத்தான் இருந்தது. ஏழையும் இடம் பார்த்து வைத்திருக்கிறோம், ஒன்றும் விடுபடாது. மூன்றாவது மட்டும் எங்கள் கைச்சரக்கு. இம்மடலை எழுதியவர் நிலையத்தின் படகோட்டி. சொல் திருத்தி, இப்போது தங்கள் முன் நின்று வாசிப்பவர் நூலகர். வாசிக்கையில் அவர் குரல் நடுங்கினால் அச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். கோபம்.

அயரா உழைப்பின் அடையாளமே! ஒழுகிய ஆய்வறைக்குக் கூரை தந்தீர்கள். உளுத்த படகுத்துறைக்குப் பலகை தந்தீர்கள். உப்பரித்த குழாய்களை மாற்றி, ஒருநாளும் விடுப்பெடுக்காமல், ஒன்பது மணிக்கு முன்னரே வந்து ஓய்வின்றி உழைத்தீர்கள். இவற்றில் எதையும் மறுக்க மாட்டோம். செய்ததைச் செய்ததாகவும் அளவு காட்டியதைக் காட்டியதாகவும் எழுதுவது எங்கள் தொழில். தங்கள் தொழிலும் அதுவாக இருந்திருக்க வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் எங்களை மன்னிக்க வேண்டும், அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

விருந்தினராக வந்திருப்போருக்கு நம் வேலை என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. வெயில் பட்டால் அவை கரியமில வாயுவை உண்டு ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. நாம் இந்த அரங்கில் உட்கார்ந்து விடும் மூச்சிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஒரு பங்கு பாஸ்பேட்டும், பதினாறு பங்கு நைட்ரேட்டும், நூற்றாறு பங்கு கரியமில வாயுவும் பாசிக்குள்ளே போனால் எத்தனை பங்கு ஆக்சிஜன் வெளியே வரும்? இதுதான் கேள்வி. பழைய புத்தகம் நூற்று முப்பத்தெட்டு என்றது. நம் நிலையத்துக் குப்பிகள் நூற்றைம்பது என்றன. இடையிலே உள்ளது வெறும் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுக்குள் ஒரு மனுஷியின் இருபத்திரண்டு வருடம் விழுந்து முழுகிப் போனது.

மூன்றாம் வரிசையில், கதவோரம், இரண்டு கையையும் மடியில் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அந்த மனுஷி. ஆய்வறை உதவியாளர் என்பது பதவி. குப்பியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். தங்களுக்கு முன்பே இங்கே வந்தவர். ஐயா, இந்த மடல் தங்களுக்கு. ஆனால் இதில் உள்ள கதை அவருடையது.

படகு கரை சேர்ந்ததும் குப்பியக்கா துறையில் நிற்பார். வெயிலில் வைத்தது வெளிச்சக் குப்பி, வெயில் படாமல் மூடியது இருட்டுக் குப்பி என்று பிரித்து வாங்கிக்கொள்வார். குழாயைக் குப்பியின் அடிவரை இறக்கி, நீரை மும்முறை பொங்கி வழியவிட்டு, கண்ணாடி மூடியைச் சாய்த்து உள்ளே நழுவவிடுவார். குப்பியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு குமிழி, கடுகளவு குமிழி இருந்தாலும் அந்த நீர் வாளிக்குப் போகும். பிறகு மருந்து சேர்ப்பார், பழுப்பாகப் படியும். அமிலம் விட்டால் தெளியும். மாவுக்கரைசல் விட்டால் நீலமாகும். பியூரெட் என்னும் அளவுகுழலின் குழாயை இரு விரலால் திருகித் திருகி, அந்த நீலம் மறையும்வரை சொட்டு விடுவார். எத்தனை சொட்டு போனதோ, அதை வைத்துத்தான் ஆக்சிஜன் கணக்கு. கடைசிச் சொட்டுக்கு முந்தைய சொட்டு எது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆய்வறைக்குள் யாரும் தும்முவதுகூட இல்லை.

தாங்கள் பொறுப்பேற்ற முதல் மாதம். பதிவேட்டைப் புரட்டினீர்கள். நூற்றைம்பது, நூற்று நாற்பத்தொன்பது, நூற்று ஐம்பத்தொன்று. சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள். பக்கத்தின் ஓரத்தில் "காற்றுக்குமிழி. கைப்பிழை" என்று எழுதினீர்கள். குப்பியக்கா அதைப் படித்துவிட்டு நேராகத் தங்கள் அறைக்கு வந்தார்.

"சார், குமிழி புகுந்தா வெயிலுக்கு வைக்காத குப்பியிலயும்தான் புகுந்திருக்கும். ரெண்டையும் கழிச்சுத்தானே கணக்கு? அப்பவே போயிடுமே."

"புத்தகத்துல நூத்தி முப்பத்தெட்டுன்னு இருக்கும்மா."

"தப்பு பண்ற கை ஒருநாள் கூட்டும், ஒருநாள் குறைக்கும் சார். எல்லா நாளும் ஒரே மாதிரியாவா தப்பு பண்ணும்?"

"உங்க கை அப்படிப்பட்ட கை போல" என்றீர்கள். அறையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் இம்மடலை எழுதும் படகோட்டி. அதற்காக அவர் இன்றுவரை வெட்கப்படுகிறார் என்பதும் இங்கே பதிவாகட்டும்.

நடுநிலை தவறா நாயகரே! அடுத்த ஆண்டு அச்சகத்திலிருந்து வந்த பதிவேட்டில் புதிதாக ஒரு நிரல் இருந்தது. தலைப்பு: கைப்பிழைத் திருத்தம். குப்பியக்கா கண்ட எண் எதுவானாலும் அதைப் புள்ளி ஒன்பது இரண்டால் பெருக்கி அந்த நிரலில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டீர்கள். நூற்றைம்பதைப் புள்ளி ஒன்பது இரண்டால் பெருக்கினால் என்ன வரும்? சரியாக நூற்று முப்பத்தெட்டு. தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதற்காக, வந்த முயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலை வெட்டி எழுதச் சொன்னீர்கள். வெட்டும் வேலையையும் முயலைப் பிடித்தவர் கையிலேயே கொடுத்தீர்கள்! தினமும் சாயங்காலம், தன் கை பொய் சொல்கிறது என்று தன் கையாலேயே எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார் அவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம்தான் கோணல், பழி மட்டும் ஆடியவளின் காலுக்கு வந்தது.

ஒரு பொய்யை ஒரு தரம் கேட்டால் சிரிப்பு வரும். ஒவ்வொரு நாளும் எழுதினால் நம்பிக்கை வந்துவிடும். நாலைந்து வருடத்தில் குப்பியக்கா தன் கையைத் தானே சந்தேகிக்கத் தொடங்கினார். விடுமுறை நாளில் சமையலறைத் தொட்டியடியில் வெற்றுக் குப்பிகளை வரிசையாக வைத்து, தண்ணீர் நிரப்பி நிரப்பி மூடிப் பார்ப்பாராம். அவருடைய கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கடி குமிழி? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாராம். "உங்க கண்ணுக்குத் தெரியாது, நல்லாப் பாருங்க" என்று இவர் மறுபடி நிரப்புவாராம். சோறு அடிபிடித்த நாட்களும் உண்டு.

இதைக்கூடப் பொறுத்திருப்போம். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் சம்பந்தியம்மா துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினார். குப்பியக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் சம்பந்தி. நீங்களே வச்சுக்கங்க. என் கையை நம்ப முடியாது." அவர் மகள் இதை எங்களிடம் சொல்லும்போது அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கனிவின் கருவூலமே, கேட்கிறீர்களா? இருபதாயிரம் குப்பிகளை ஒரு விரிசல் இல்லாமல் எடுத்து வைத்த கை, பேரக்குழந்தையைத் தொடப் பயந்தது. இதற்குத் தாங்கள் எந்த நிரலில் திருத்தம் எழுதுவீர்கள்?

அவர் சும்மா அழுதுகொண்டிருந்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்பதாம் ஆண்டில் ஒருநாள், வாணலியில் எண்ணெய் ஊற்றும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாள்காட்டித் தாளின் முதுகில் கணக்குப் போட்டுத் தங்களிடம் கொண்டுவந்தார். பழைய புத்தகத்தின் கணக்கு என்ன? பாசியின் உடம்பிலுள்ள கரி முழுவதும் சர்க்கரை மாதிரி என்று வைத்துக்கொண்ட கணக்கு. நூற்றாறு கரிக்கு நூற்றாறு ஆக்சிஜன். பதினாறு நைட்ரேட்டுக்கு இரண்டிரண்டாக முப்பத்திரண்டு. ஆக, நூற்று முப்பத்தெட்டு.

"சார், பாசி என்ன சர்க்கரைக் கட்டியா? அதுல எண்ணெய்ப் பசை இருக்கு, புரதம் இருக்கு. எண்ணெய்ல ஆக்சிஜன் கம்மிதானே? உள்ள வந்ததுல உடம்புல தங்காதது வெளியதானே சார் வரணும்? அப்போ கூடத்தானே வரும்?"

தாங்கள் அந்தத் தாளை வாங்கவும் இல்லை. "குப்பி கழுவறவங்களுக்கு எதுக்கும்மா சமன்பாடு?" என்றீர்கள்.

எதற்கு என்று இப்போது சொல்கிறோம். பாசியில் கொழுப்பும் புரதமும் உண்டு என்று கணக்கில் சேர்த்தால் ஆக்சிஜன் ஏறக்குறைய நூற்றைம்பது வரும் என்று புதிய புத்தகங்களில் எப்போதோ அச்சேறிவிட்டது. அதில் ஒன்றை நம் நூலகர் வரவழைத்து, அந்தப் பக்கத்தில் அடையாளத்தாள் வைத்து, தங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த மாதம் அதைத் தேடிப் போனபோது, காற்றில் அடித்துக்கொள்ளும் சன்னலுக்கு அது முட்டுக் கொடுத்து நின்றது. அடையாளத்தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தங்களுக்கு ஏட்டிலும் பழைய சுரைக்காய்தான் வேண்டியிருந்தது. (இந்த வாக்கியம் நூலகர் தாமே சேர்த்தது.)

இனி இயந்திரத்தின் கதை. சென்ற ஆண்டு ஆக்சிஜன் அளக்கும் கருவி ஒன்று வந்தது. நீரில் இறக்கினால் போதும், திரையில் எண் தெரியும். குப்பி இல்லை, மூடி இல்லை, மருந்து இல்லை, பியூரெட் இல்லை. குமிழிக்கு வழியே இல்லை என்று தாங்களே திறப்பு விழாவில் பெருமையாகப் பேசினீர்கள். குப்பியக்கா அன்று ஓரமாக நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கை பொய்யா, மெய்யா என்று இருபத்தொரு வருடம் கழித்துத் தெரியப்போகிறது. நாங்களும் திரையை நெருங்கி நின்றோம். கணக்கைப் போட்டுப் பார்த்த ரசாயனப் பிரிவு அண்ணன் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "நூத்தம்பது!"

குப்பியக்கா சிரிக்கவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்று மாலை ஆய்வறையில் எல்லோருக்கும் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கள் சுற்றறிக்கை வந்தது. அறிவியலின் அணையா விளக்கே, அதன் வாசகம் எங்களுக்கு மனப்பாடம்: "புதிய கருவியின் அளவுகளும் வழக்கம்போல் கைப்பிழைத் திருத்தத்துக்கு உட்படுத்தப்பட வேண்டும்."

கைப்பிழை! இயந்திரத்துக்கு! ஐயா, அதற்குக் கை எங்கே இருக்கிறது? நாங்கள் சுற்றிச் சுற்றித் தேடினோம். படகோட்டி அதன் அடியில் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார். ஒரு வடம் இருக்கிறது, ஒரு முனை இருக்கிறது, ஒரு திரை இருக்கிறது. கை மட்டும் இல்லை. இத்தனை வருடத்தில் தாங்கள் ஒரே ஒரு முறையாவது யோசித்திருந்தால் இந்த வார்த்தை அந்தத் தாளில் விழுந்திருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்கும் கொஞ்சம் சோறு வேண்டும். தாங்கள் வெறும் தட்டில் மறைத்தீர்கள்.

தங்களுக்குத் தெரியாமல் நடந்த தவறு என்றுதான் அதுவரை நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். சென்ற திங்கட்கிழமை அந்த நம்பிக்கையும் போயிற்று. நிலையத்தின் பதிவேடுகள் அத்தனையும் நாளைக் காலை தலைமைக் காப்பகத்துக்குப் போகின்றன. அங்கே போனபின் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. ஒரு திருத்தத்தை இட்டவரே அதை நீக்கவும் வேண்டும் என்பது விதி. ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி. இது தாங்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. குப்பியக்கா பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தங்கள் அறைக்கு வந்தார். இந்தத் தரம் வாதாடவில்லை.

"சார், வேற ஒண்ணும் வேண்டாம். தலைப்பை மட்டும் அடிச்சிடுங்க. எண்ணெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

தாங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினீர்கள். அது சரியாகச் சாத்தாத கதவு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களாம்மா? நூத்தம்பதுதான் சரி. தெரியும். இப்ப அதை அடிச்சா, இருபத்திரண்டு வருஷமா நான் எழுதின கட்டுரை எல்லாம் என்னாகும்? போற நேரத்துல சங்கடம் பண்ணாதீங்க. நல்லபடியா அனுப்பி வைங்க."

தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் நடைவழியில் அப்படியே நின்றோம். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு, பிடிவாதத்துக்கும் ஒருவகையில் உண்டு. தெரிந்தே ஒருத்தியின் கையில் பழியை ஏற்றி, அவர் பேரப்பிள்ளையைத் தொடாமல் நின்றதையும் கேள்விப்பட்டு, தன் கட்டுரைகளை அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக நினைப்பவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பணியாளர் போற்றும் பண்பாளரே என்று தாங்கள் எழுதி அனுப்பிய ஏழாவது அடைமொழியைச் சொல்லியே திட்டிவிட்டோம்.

குப்பியக்கா வெளியே வந்து எங்களைப் பார்த்தார். தொட்டிக்குப் போய் அன்றைய குப்பிகளைக் கழுவினார். இந்த மடலில் முதல் கையொப்பம் நீங்கள்தான் போட வேண்டும் என்று கேட்டபோது மட்டும், நீண்ட நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார். "என் கையெழுத்து எதுக்குப்பா? அதையும் எட்டு சதவீதம் குறைச்சிடுவாரு."

ஆகவே ஐயா, விழா மேடையில் தங்கள் வலப்பக்கம் சிறிய மேசை ஒன்று இருக்கிறது. பூச்சாடி வைப்பதற்கு என்று நினைத்திருப்பீர்கள். அந்த வெள்ளைத் துணியை விலக்கினால் பதிவேடுகள் இருக்கும், இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது, தங்களுக்குப் பழக்கமான அதே சிவப்பு. இருபத்தொரு கோடுகள், இருபத்தொரு சுருக்கொப்பங்கள், இன்றைய தேதி. இப்போது மணி நான்கு பத்து. ஐந்து வரை தாங்கள்தான் இயக்குநர். ஐந்தடித்து ஒரு நிமிடம் ஆனாலும் அந்தத் தலைப்பை அழிக்கும் உரிமை இந்த உலகத்தில் யாருக்கும் இல்லை. குப்பியக்காவின் கை பொய்க்கையாகவே காப்பகத்தில் கிடக்கும். வாழ்த்துரை வழங்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் பேனா அசையும்வரை அடுத்து யாரும் பேசப்போவதில்லை.

கோடு போட்டீர்களானால், தங்கள் கட்டுரைகள் சிதையும். மறைக்கவில்லை. சிதைந்தவற்றைக் குப்பியக்காவின் எண்களைக் கொண்டு மறுபடி எழுதித் தர ரசாயனப் பிரிவு அண்ணன் சம்மதித்திருக்கிறார், தங்கள் பெயரையும் போட்டே. போடாமல் போனால், இந்த மடல் மரச்சட்டத்துக்குள் ஏறி, தங்கள் வீட்டுக்கு வராது. இங்கேயே, ஆய்வறைத் தொட்டிக்கு மேலே மாட்டுவோம், குப்பி கழுவ வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. எந்தச் சுவருக்குப் போகும் என்று தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.

எதுவானாலும் வாழ்த்தாமல் அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க, ஐயா! நூறு என்றால் நூறுதான். அதைப் புள்ளி ஒன்பது இரண்டால் பெருக்கித் தொண்ணூற்றிரண்டு என்று எழுத எங்களுக்குக் கை வராது.

இங்ஙனம்,
கடலாய்வு நிலையப் பணியாளர்கள்: படகோட்டி, நூலகர், ரசாயனப் பிரிவு அண்ணன், படகுத்துறைக் காவலர், தட்டச்சர், மற்றும் ஏனையோர்.

மொத்தம் இருபத்தைந்து கையொப்பங்கள். இருபத்து நாலுதான் இருந்தன. வாசிப்பதற்குச் சற்று முன் குப்பியக்கா மேடைக்குப் பின்னால் வந்து, துப்பட்டாவிலிருந்து கையை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். எழுத்து நடுங்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.